நாய்க்குட்டி பொருள்களைக் கடித்தழிக்காது வளர்க்கும் முறை

மொனராகலை மாவட்டத்தில் வயலும் சேனையும் செய்வோர் வீடுகளில் நாய் விளையாட்டுப் பிராணியன்று. அது ஒரு காவலாள். வெல்லவாய, புத்தல, சியம்பலாண்டுவ முதலிய இடங்களில் நெல்லுக்கும் சோளத்துக்கும் நிலக்கடலைக்கும் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் இரவில் இழைக்கும் சேதத்தைக் கமக்காரர் யாவரும் அறிவர். மேலே பதுளைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களிலும் பன்றித் தொல்லை குறைவன்று. பரணிற் காவல் இருப்பவர் கண்ணயர்ந்தாலும் கீழே கிடக்கும் நாய் செவிசாய்த்தபடியே இருக்கும். அதன் குரைப்பொலியே பல வேளைகளில் ஓர் இரவின் விளைச்சலைக் காப்பாற்றிவிடுகின்றது.

ஆயின் இக்காவலாள் முதல் ஓராண்டுக் காலத்தில் வீட்டாருக்குத் தரும் தொல்லை சிறிதன்று. செருப்பின் வாரை அறுக்கும். கதிரையின் காலைக் கொறிக்கும். விதைநெற் சாக்கின் மூலையைக் கிழித்து நெல்லைத் தரையிற் கொட்டும். தெளிகருவியின் இறப்பர்க் குழாயைத் துண்டுதுண்டாக்கும். முதலாவது செருப்புக்கு வீட்டார் சிரிப்பர். இரண்டாவதற்குப் பிரம்பை எடுப்பர். தெளிகருவிக் குழாய் போன அன்று, குட்டியைச் சாக்கிலே கட்டிக் கொண்டுபோய்ச் சந்தையடியில் விட்டுவிடுவோரும் உளர். இவ்வாறு விடப்பட்ட குட்டிகளிற் சில பட்டினியால் மடியும். எஞ்சியவை தடுப்பூசி எதுவுமின்றித் தெருநாய்களாகித் திரியும். அவற்றால் வரும் கேடு செருப்பின் விலையிலும் பன்மடங்கு பெரிது.

கடித்தழிக்கும் பழக்கம் திருத்தக்கூடியது. அதற்குப் பணம் வேண்டுவதில்லை. குட்டி ஏன் கடிக்கின்றது என்பதை அறிந்திருத்தலும், சில மாதங்கள் வீட்டார் எல்லாரும் ஒரே முறையைக் கைக்கொள்ளுதலும் போதும்.

கடிப்பதன் காரணம்

நாய்க்குட்டிக்குக் கை இல்லை. புதிய பொருள் ஒன்றைக் கண்டால் அது மென்மையானதா வன்மையானதா, தின்னத்தக்கதா அன்றா என்பதை அது வாயினாலேயே ஆராய்கின்றது. பிறந்து ஏறக்குறைய மூன்றாம் கிழமை முதல் பாற்பற்கள் முளைக்கத் தொடங்கும். அவை மொத்தம் 28. நான்கு மாத அளவில் இவை விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்திற்குள் நிலைப்பற்கள் 42உம் வந்துவிடும். இவ்விடைக்காலத்தில் முரசு வீங்கி நோகும். கடினமான பொருளைக் கடித்தால் நோவு தணிவதைக் குட்டி கண்டுகொள்கின்றது. ஆகவே கடித்தல் அதற்கு ஒரு தேவையே ஒழியக் குறும்பன்று. பற்கள் முழுதும் வந்தபின்னரும் தாடை வலுப்பெறும் வரை, ஓராண்டு நிறையுமட்டும் இவ்விருப்பம் ஓரளவு நீடிக்கும்.

வேறு காரணங்களும் உள. நாள் முழுவதும் குறுகிய கயிற்றிற் கட்டப்பட்ட குட்டி வேறு தொழில் இல்லாமையாற் கடிக்கும். வீட்டார் அனைவரும் நாற்று நடுகைக்குப் போய்விட, தனித்து விடப்பட்ட குட்டி அச்சத்தினாற் கதவைக் கொறிக்கும். வெறும் சோறும் கஞ்சியும் மட்டும் உண்ணும் குட்டி பசியினாலும், வயிற்றிற் புழு உள்ள குட்டி அதனால் வரும் ஊட்டக் குறையினாலும் மண், கரி, சாக்கு என்று கண்டதையெல்லாம் வாயிற் போடும். ஆகையால் முதலில் அதன் வயிற்றைக் கவனித்தல் வேண்டும். சோற்றுடன் கருவாட்டுத் தலை, வேகவைத்த முட்டை, பருப்பு, மீன் கழிவு ஆகியவற்றுள் கிடைப்பதை அவித்துச் சேர்த்து நாளுக்கு மூன்று நான்கு வேளையாகக் கொடுக்கவும். கருவாட்டை நன்கு கழுவி உப்பை நீக்குதல் அவசியம். மிருக வைத்தியரிடம் புழு மருந்து பெற்று, இரண்டு மாதம் நிறையும் வரை இரு கிழமைக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம். நாய்க்குட்டியின் வட்டப்புழு மனிதப் பிள்ளைகளுக்கும் தீங்கு செய்யும் என்பதால் இதனை ஒத்திப்போடலாகாது.

குட்டியை எப்பொழுது தாயிடமிருந்து எடுக்கின்றோம் என்பதும் முக்கியமானது. கண் திறந்து நடக்கத் தொடங்கியவுடன் தூக்கி வருவது நம் ஊர்களில் வழக்கமாய் இருக்கின்றது. இது பிழை. உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போது ஒன்றை ஒன்று அழுத்திக் கடித்தால் கடிபட்டது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு மெல்லக் கடிக்க வேண்டும் என்ற பாடத்தைக் குட்டி அங்கேதான் கற்கின்றது. எட்டு வாரம் நிறையாமல் எடுக்கப்பட்ட குட்டி இப்பாடத்தைப் பெறாது. பிள்ளைகளின் கையையும் காலையும் வலிக்கக் கடிப்பது பெரும்பாலும் இத்தகைய குட்டியே.

பெரும்போகமும் பல்விழும் பருவமும்

ஆவணி மாதத்தை ஒட்டிப் பிறந்த குட்டியைக் கமக்காரர் ஒக்டோபர் மாதத்தில், பெரும்போக வேலை தொடங்கும்போது வீட்டுக்குக் கொண்டுவருவதாகக் கொள்வோம். அது பல் மாற்றத் தொடங்குவது டிசம்பரில். களைநாசினியும் பீடைநாசினியும் உரமும் வீட்டிலும் வயலோரத்திலும் பெருகிக் கிடக்கும் காலமும் அதுவே. அறுவடை நெருங்கும் பெப்ரவரி, மார்ச்சு மாதங்களிலேதான் அதன் நிலைப்பற்கள் நிறைவாகும். எனவே அந்தப் போகத்திலேயே அது காவல் காக்கும் என எதிர்பார்ப்பது வீண். அடுத்த பெரும்போகத்துக்கே அது உதவும். முதற்போகத்தில் அதனை உயிரோடு காப்பதே வளர்ப்பவரின் வேலை. அவ்வளவு நஞ்சு அதன் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றது.

எட்டாத இடத்தில் வைக்க வேண்டியவை

செருப்பை இழந்தால் வேறு வாங்கலாம். பின்வருவனவற்றைக் கடித்த குட்டியைத் திரும்பப் பெறுதல் அரிது.

எலிநஞ்சு இவற்றுள் முதலானது. இன்று பெரிதும் விற்கப்படும் எலிநஞ்சுகள் குருதி உறைவதைத் தடுப்பவை. குட்டி அதனைத் தின்ற அன்றும் மறுநாளும் எவ்வித மாறுதலும் தெரியாது. மூன்று முதல் ஐந்து நாள் கழித்தே முரசிலும் மூக்கிலும் குருதி கசியும், மூச்சு வாங்கும், குட்டி சோர்ந்து விழும். இதற்கு உயிர்ச்சத்து கே1 மாற்று மருந்தாகும். அறிகுறி தோன்றுமுன் மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றால் பெரும்பாலும் பிழைக்கும். “தின்றது, ஆனால் நன்றாகத்தானே ஓடித் திரிகின்றது” என்று இருந்துவிடுவதே பல நாய்கள் மடிவதற்குக் காரணம்.

மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் நத்தைக்கு வைக்கும் மெற்றல்டிகைட் உருண்டைகள் இரண்டாவது. நத்தையை ஈர்க்கத் தவிடு முதலிய தீன்பொருளுடன் இவை செய்யப்படுவதால் நாய்க்கும் சுவையாக இருக்கும். தின்ற சில மணி நேரத்துள் உடல் நடுங்கி, வலிப்பு வந்து, உடற்சூடு மிகுந்து இறக்கும். உருண்டைகளை ஓரிடத்திற் குவித்து வைக்காமல், சுட்டுத்துண்டிற் கூறிய அளவில் ஐதாகத் தூவுதல் பயிருக்கும் நன்று, நாய்க்கும் பாதுகாப்பு.

சேதன உரமென்றால் தீங்கில்லை எனக் கருதுவோர் உளர். ஆமணக்கம் புண்ணாக்கை நாய் விரும்பித் தின்னும். அதில் எஞ்சியிருக்கும் ஆமணக்கு நஞ்சு உயிரைப் போக்கவல்லது. எலும்புத்தூளை நிறையத் தின்றால் அது வயிற்றிற் கட்டியாக இறுகிவிடும். காடு வெட்டிய சேனையில் மண்ணைக் கிளறும்போது கார்த்திகைப் பூக்கொடியின் கிழங்கு வெளிவரும். சிங்களத்தில் நியங்கலா என்பர். மரவள்ளியின் பச்சைத் தோலும் அவ்வாறே நச்சுடையது. இவற்றைப் பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும்.

வெற்றுப் பீடைநாசினிப் போத்தலைக் குட்டியின் விளையாட்டுக்கு விடுவதும், அதனையே அறுத்துத் தண்ணீர்ப் பாத்திரமாக வைப்பதும் சில இடங்களிற் காணப்படுகின்றன. எத்தனை முறை கழுவினும் இதற்கு அது ஆகாது. மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி, போத்தலைத் துளையிட்டு ஒதுக்கிவிடவும். நஞ்சுகளைப் பூட்டுள்ள பெட்டியில் வைத்தல் பிள்ளைகளின் பொருட்டும் செய்யத்தக்கது.

மொனராகலைக்குச் சிறப்பாகச் சொல்ல வேண்டியது சோளப்பொத்தி. மணி நீக்கிய பொத்தியைக் குட்டிக்கு விளையாடப் போடுவதில் யாரும் தவறு காண்பதில்லை. குட்டியோ அதனைத் துண்டாக்கி விழுங்கும். அது சீரணிப்பதில்லை, சிறுகுடலில் அடைத்துக்கொள்ளும். வாந்தியும் உண்ணாமையும் தொடர்ந்து, அறுவைச் சிகிச்சையின்றி அது பெரும்பாலும் பிழைப்பதில்லை. சோளம் உரிக்கும் நாட்களிற் குட்டியைக் கட்டி வைத்து, பொத்திகளை உடனே அகற்றிவிடுக.

இன்னும் கொடியது ஒன்று உண்டு. பன்றிக்கென உணவுக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் ‘ஹக்க பட்டாஸ்’ என்னும் தாடை வெடி சட்டவிரோதமானது. எனினும் காட்டோரங்களில் அது வைக்கப்படுகின்றது. யானைக்கன்றும் நாய்க்குட்டியைப் போலவே கண்டதை வாயில் எடுத்துப் பார்க்கும் இயல்பினது. ஆதலால் இவ்வெடிக்குப் பலியான யானைகளுள் இளையவை மிகுதி. தாடை சிதைந்த யானை உண்ணவும் பருகவும் இயலாமற் பல நாள் துன்புற்று இறக்கின்றது. வயலோரத்தில் கிடப்பதையெல்லாம் கௌவும் பழக்கமுள்ள நாய்க்கும் இதுவே கதியாகலாம். கடிக்கும் பழக்கத்தை வீட்டு முற்றத்திலேயே திருத்த வேண்டும் என வற்புறுத்துவதற்கு இதனினும் வலிய காரணம் வேறில்லை.

குட்டி நஞ்சு தின்றதாக ஐயம் எழுந்தால் தேங்காயெண்ணெய், பால், உப்புநீர் முதலியவற்றை வாயில் ஊற்றாதீர்கள். சில நஞ்சுகளை எண்ணெய் விரைவிற் குருதியிற் சேர்த்துவிடும். மயங்கிய குட்டிக்கு ஊற்றியது நுரையீரலுக்குள் இறங்கும். நஞ்சின் பெட்டியையோ சுட்டுத்துண்டையோ கையில் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் விரைந்து செல்லவும்.

கடிக்கக் கொடுக்கத்தக்கவை

கடிக்காதே என்று மட்டும் சொன்னால் குட்டியின் முரசுநோவு தீராது. கடிக்கத்தக்க ஒன்றை அதற்கெனக் கொடுத்தல் வேண்டும். வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளையும் தடித்த கரட் இதற்கு மிக ஏற்றது. கழுவி, இரவில் மண்பானை நீரிலிட்டுக் குளிர்வித்து முழுதாகக் கொடுக்கவும். சந்தைக்கு ஏற்காத கோணல் கரட்டே போதும். தடித்த பருத்தித் துணியை இறுக முடிச்சிட்டு நீரில் நனைத்துக் கொடுத்தால் முரசின் சூடு தணியும். பச்சைப் பொச்சுமட்டையில் ஒரு பெருந்துண்டும் கொடுக்கலாம். ஆனால் துணியாயினும் மட்டையாயினும் நூலும் தும்பும் பிரியத் தொடங்கியதும் எடுத்துவிடுக. விழுங்கிய தும்பு குடலிற் சிக்கும்.

எலும்பைப் பற்றி ஒரு சொல். சமைத்த கோழியெலும்பு ஊசிபோற் பிளந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். அதனைக் கொடுக்கவே கூடாது. வேகவைக்காத பெரிய எலும்பு அத்துணைத் தீங்கற்றதாயினும், மிக வன்மையானது பல்லை உடைத்துவிடும். நகத்தால் அழுத்தினால் சிறிதேனும் பதியும் பொருளே குட்டியின் பல்லுக்கு ஏற்றது என்பது நல்ல அளவுகோல்.

பழைய செருப்பைக் கொடுத்துவிட்டுப் புதிய செருப்பைக் கடித்ததற்காக அடிப்பவர் பலர். பழையது எது, புதியது எது என்பது குட்டிக்கு எவ்வாறு தெரியும்? செருப்பின் மணம் ஒன்றே. செருப்பு வேண்டாமென்றால் எந்தச் செருப்பும் வேண்டாம். இதே முறை சாக்குக்கும் கயிற்றுக்கும் பொருந்தும்.

திருத்தும் முறை

குட்டி தகாததைக் கடிக்கும் வேளையிலேயே திருத்தல் வேண்டும். மாலையில் வயலிலிருந்து வந்து, காலையிற் கிழிந்த சாக்கைக் காட்டி அடிப்பதாற் பயனில்லை. குட்டி வாலை ஒடுக்கித் தலை குனிவதைக் கண்டு, தன் பிழையை உணர்ந்ததென எண்ணுகின்றோம். உண்மையில் அது நம் முகத்தையும் குரலையும் கண்டு அஞ்சுகின்றது. எசமானர் வயலிலிருந்து வரும்போது அடி விழும் என்பதே அது கற்கும் பாடம். சில நாளில் அழைத்தாலும் வராது. அழைத்தால் வராத நாய் இரவில் யானை நிற்கும் பக்கம் ஓடினால் அதனைத் திருப்புவது எங்ஙனம்?

செய்ய வேண்டியது இது. குட்டி செருப்பைக் கௌவியதும் துரத்தாதீர்கள். துரத்தினால் அது விளையாட்டென்றே ஓடும். ஒருமுறை கையைத் தட்டி அதன் கவனத்தைத் திருப்பி, “விடு” என்று ஒரே சொல்லை ஒரே குரலிற் சொல்லவும். மறு கையில் ஒரு கருவாட்டுத் துணுக்கையோ கரட்டையோ நீட்டவும். அதனைப் பெறுவதற்காகக் குட்டி வாயைத் திறக்கும். திறந்தவுடன் தின்னக் கொடுத்துத் தட்டிக்கொடுக்கவும். செருப்பை அமைதியாக எடுத்து உயரத்தில் வைக்கவும். நாளுக்கு ஐந்தாறு முறை விளையாட்டாகவே இதனைச் செய்துவந்தால் சில கிழமைகளில் “விடு” என்ற சொல்லுக்கே வாய் திறக்கும். சோளச் சேனையில் வெடி மறைத்த பூசணிக்காயை அது முகரும்போது இச்சொல் அதன் உயிரைக் காக்கலாம். ஒருவர் “விடு” என்றும், இன்னொருவர் “போடு” என்றும், பிள்ளைகள் சிரித்துக்கொண்டு செருப்பின் மறுமுனையை இழுத்தும் வந்தால் பயிற்சி பயன்படாது. லயன் அறைகளிலும் நெருங்கிய குடியிருப்புகளிலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லி வைத்தல் நன்று.

கதிரைக் காலிலும் கதவின் அடியிலும் வேப்பிலையையோ பாகலிலையையோ அரைத்துப் பூசலாம். கசப்பை வெறுக்கும் குட்டி அவ்விடத்தை விட்டுவிடும். சில குட்டிகள் கசப்பைப் பொருட்படுத்துவதேயில்லை. மிளகாயைப் பூசுவது கண்ணையும் வாயையும் புண்ணாக்குவதால் அதனைத் தவிர்க்கவும். மின்கம்பிகளைப் பொறுத்தவரை பூச்சை நம்பாது, அவற்றைச் சுவரில் உயர்த்தி விடுவதே வழி.

காலையும் மாலையும் வரப்பு வழியே அழைத்துச் சென்று ஓடவும் மணம் பிடிக்கவும் விட்ட குட்டி வீட்டுக்கு வந்ததும் படுத்துறங்கும். இளங்குட்டி நாளில் 18 மணி நேரத்துக்கு மேலும் உறங்குவது இயல்பு. உறக்கம் கலைக்கப்பட்ட குட்டியே எரிச்சலுற்றுக் கடிக்கும். ஆளில்லாத வேளையில் அதனைக் கிடுகு வேய்ந்த ஒரு சிறு அடைப்பில், நிழலும் நீரும் கடிக்கத்தக்க பொருள் ஒன்றும் வைத்து விடுவது கயிற்றிற் கட்டுவதிலும் சிறந்தது. பிபிலைப் பக்கத்துக் காடுகளில் வாழ்ந்த வேடர் உடும்பு பிடிக்க வளர்த்த நாய்கள் நாள்தோறும் எசமானருடன் நடந்தவை. அந்த நடையை இழந்து கயிற்றில் நிற்கும் நம் வீட்டுக்குட்டி கயிற்றையே கொறிப்பதில் வியப்பில்லை.

விசர்நோயின் அறிகுறியும் கடித்தலும்

எல்லாக் கடித்தலும் பல் முளைப்பதால் வருவதன்று. இதுவரை ஒழுங்காக இருந்த நாய், குட்டியாயினும் வளர்ந்ததாயினும், திடீரெனக் கல், மரம், சங்கிலி ஆகியவற்றை மூர்க்கமாகக் கடித்தாலும், குரல் மாறினாலும், காரணமின்றிச் சீறினாலும், அல்லது இருளிற் பதுங்கினாலும் விசர்நோயென ஐயுறுதல் வேண்டும். தாடை தொங்கி எச்சில் வடிய நிற்கும் நாயின் தொண்டையில் எலும்பு சிக்கியதென எண்ணி வாய்க்குள் கைவிடுவோர் உண்டு. அவ்வாறு செய்தல் உயிருக்கு ஆபத்து. விசர்நோய் தோன்றியபின் அதற்கு மருந்தில்லை. மனிதரை இந்நோய் பற்றுவது ஏறக்குறைய எப்பொழுதும் நாயினாலேயே. தடுப்பூசி போடாத குட்டி விளையாட்டாகக் கீறிய சிறு காயத்தையும் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லவும். காயத்தில் மஞ்சளோ சுண்ணாம்போ தடவாதீர்கள். கடித்த நாயை உடனே கொன்றுவிடாமல், கிட்ட நெருங்காது அடைத்து வைத்து மிருக வைத்தியருக்கு அறிவித்தால் இரு கிழமைக்குள் அதன் நிலை தெளிவாகும். ஆனால் அதுவரை மனிதருக்கான சிகிச்சையை நிறுத்தி வைக்கலாகாது.

குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த கிழமையிலேயே பிரதேச மிருக வைத்திய அலுவலகத்தில் விசர்நோய்த் தடுப்பூசிக்குரிய நாளைக் கேட்டறிந்து கொள்ளவும். பின்னர் ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்தல் வேண்டும். ஊசி போட்ட நாள் எழுதிய அட்டையைப் பத்திரப்படுத்தி வைக்கவும். அந்நாய் எவரையேனும் கடித்துவிட்டால் வைத்தியசாலையில் முதலிற் கேட்கப்படுவது அவ்வட்டையே.